வாசலில் தராசு வைத்த ஒட்டோமற்றிக்

நியூசிலாந்தின் ஒக்லாந்தில் நான் பார்த்த சோம்பேறிகளிலேயே அதிகம் பாடுபட்டவர் ஒட்டோமற்றிக்தான். கையை நீட்டிச் சுவிச்சைப் போடுகிற சிரமத்தைத் தவிர்ப்பதற்காக அந்த மனிதர் எண்பதுகளில் பாதியைச் செலவழித்தார். எல்லாம் தானாக இயங்க வேண்டும் என்ற பித்தால் வந்த பட்டப்பெயர் அது; பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அங்கே பிளாக்ஹவுஸ் பே பகுதியில் இருந்த தமிழர் நாங்கள் யாரும் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

"இனி மனுசன் வீட்டைப் பார்க்கத் தேவையில்லை, ஐசே. வீடு மனுசனைப் பார்க்கும்," என்பார்.

அந்த வீட்டின் மூளை ஒரு சின்னக் கொம்பியூட்டர். அதைத் தொலைக்காட்சிப் பெட்டியில் மாட்டி, வேண்டிய கட்டளைகளைக் கேசட்டிலிருந்து ஏற்ற வேண்டும். கேசட் கீச்சுக் கீச்சென்று ஓடி முடியும்வரை கழிப்பறை விளக்குகூட எரியாது. ஒருமுறை அவசரமாகப் போன நான், கதவடியில் காலை மாற்றி மாற்றி நின்றேன்.

"அண்ணை, சுவிச் ஒண்டும் இல்லையோ?"

"இருந்தது. கழட்டிப்போட்டன். கொஞ்சம் பொறும், இப்ப ஏறிடும்."

திரைச்சீலைகளை இழுக்க, உடைந்த கார் ஒன்றிலிருந்து கண்ணாடி துடைக்கிற மோட்டாரைக் கொண்டுவந்து பூட்டியிருந்தார். பொழுது பட்டதும் அது தானாகத் திரையை மூடும். யன்னலடியில் நின்று இதை எங்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, திரையோடு அவருடைய இடுப்புச் சாரத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஒரு கையால் மானத்தைப் பிடித்தபடி, மறு கையை நீட்டி, "பார்த்தியளே, என்ன இழுவை!" என்றார். வெட்கம் மருந்துக்கும் கிடையாது.

இத்தனைக்கும் காரணம் அவருடைய மனைவி மகேஸ் அக்கா. விசா இழுபட்டு இழுபட்டு அவர் யாழ்ப்பாணத்திலேயே அகப்பட்டுப்போனார். அங்கே சண்டை, கரண்ட் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.

"அவள் அங்கை இருட்டுக்கை தடவித் திரிஞ்சது காணும். இஞ்சை வாசல்லை கால் வைச்ச உடனை வீடெல்லாம் வெளிச்சம் வரோணும்." ஒட்டோமற்றிக் இதைச் சொல்லும்போது மட்டும் நாங்கள் கேலி செய்வதில்லை.

கால் வைப்பதைக் கண்டுபிடிக்கத்தான் வாசல் கால்மிதிக்கு அடியில் தராசு. குளியலறையில் நிறை பார்க்கிற தராசைப் பிரித்துப் பூட்டியிருந்தார். யாராவது ஏறினால் விளக்குகள் எரியும், ஹீற்றர் சூடாகும், தேநீருக்குக் கேத்தில் கொதிக்கும், டேப் ரெக்கோடரில் நாதஸ்வரம் முழங்கும். ஆள் இறங்கி உள்ளே போனதும் கேத்திலும் நாதஸ்வரமும் நிற்கும். இதையெல்லாம் அவர் சோதித்துப் பார்த்தது ஓர் அரிசிச் சாக்கை வைத்து. நல்ல விருந்தாளிதான், ஆனால் அரிசிச் சாக்கு செருப்புப் போடுவதில்லை.

தைப்பொங்கலுக்கு எங்களைக் கூப்பிட்டார். நம்மவர்கள் என்ன செய்வார்கள்? சப்பாத்துகளைக் கழற்றி அந்தக் கால்மிதியின் மேலேயே குவித்துவிட்டு உள்ளே போனோம். பாரமான ஆசாமி ஒருவர் வாசலைவிட்டு நகர மறுக்கிறார் என்று வீடு முடிவு செய்துவிட்டது. நாதஸ்வரம் நிற்கவேயில்லை. கேத்தில் வற்றிக் கருகியது. அது இங்கே கோடைகாலம். ஹீற்றர் எங்களையும் பொங்கலோடு சேர்த்து அவித்தது.

"சப்பாத்தைக் கழட்டப் போறியள் எண்டு முதலே சொல்லியிருக்கக் கூடாதே?" என்று எங்கள்மேல் பாய்ந்தார்.

"தமிழற்றை வீட்டுக்கு வாறவை பிறகு போட்டுக்கொண்டே உள்ளுக்கை வாறது?" என்றாள் என் மனைவி.

அன்றே தராசைத் திருகி அளவை உயர்த்தினார். "இனிச் செருப்புக் குவியலுக்கு அசையாது. முழு ஆளுக்குத்தான். மகேசின்ரை நிறைக்குக் கொஞ்சம் கீழை வைச்சிருக்கிறன். கட்டின எனக்கு அவளின்ரை நிறை தெரியாதே?"

அந்தக் குளிர்காலத்தில் விசா கிடைத்துவிட்டது. விமான நிலையத்துக்கு அவரே காரில் போனார். எங்களுக்குக் கட்டளை: பின்வாசலால் வரவேண்டும், சப்பாத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும், மூச்சுக் காட்டக்கூடாது. பொழுது பட்டுக்கொண்டிருந்தது. நானும் மனைவியும் இன்னும் சிலரும் ஆளுக்கொரு சோடிச் சப்பாத்துடன் முன்னறை இருட்டில் முழித்துக்கொண்டு நின்றோம். இன்றைக்கும் இது கோளாறு பண்ணும், ஒரு வருடத்துக்குச் சொல்லிச் சிரிக்கலாம் என்று காத்திருந்தேன்.

கதவு திறந்தது. மகேஸ் அக்கா செருப்பை வெளியே கழற்றிவிட்டுக் கால்மிதியில் ஏறினார். ஒன்றும் எரியவில்லை.

"ஒருக்கா இறங்கி ஏறும்," என்றார் ஒட்டோமற்றிக்.

இறங்கி ஏறினார். இருட்டுத்தான்.

"நல்லா அமத்தி நில்லும்."

மகேஸ் அக்கா அமத்தி நின்றார். தெருவிளக்கு வெளிச்சம் அவர்மேல் விழுந்தது. சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்து ஆளில்லை. அதில் பாதிதான் வந்திருந்தது. எனக்குச் சிரிப்புப் போய்விட்டது.

"இஞ்சேருங்கோ, நான் பிழையா நிக்கிறனோ?"

ஒட்டோமற்றிக் தராசு இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். "இல்லை, மகேஸ். பிழை என்ரை."

பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டு, தானும் கால்மிதியில் ஏறி மனைவியோடு ஒட்டி நின்றார். விளக்குகள் எல்லாம் பளிச்சென்று எரிந்தன. கேத்தில் இரைந்தது. நாதஸ்வரம் முழங்கியது. மகேஸ் அக்கா திடுக்கிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கையில் சப்பாத்துடன் வரிசையாக நின்ற எங்களைக் கண்டதும் வாய்விட்டுச் சிரித்தார்.

வீட்டில் எதையாவது கழற்றிப் பூட்டிக்கொண்டே இருந்த மனிதர், தராசை மட்டும் பிறகு தொடவில்லை. மகேஸ் அக்கா நன்றாகத் தேறி, தனியாக நின்றாலே விளக்கு எரிகிற காலம் வந்த பிறகும், இருவரும் அந்தக் கால்மிதியில் சேர்ந்துதான் ஏறினார்கள். அதைப் பார்ப்பதற்கென்றே நான் சில மாலைகளில் பின்வாசலால் போய் முன்னறையில் காத்திருந்திருக்கிறேன்.