ஐந்துக்கு ஒன்று

மூன்றாவது மாதமும் அவருக்கு ஒன்றுதான் வந்திருந்தது.

மானேஜர் அந்தத் தாளை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். "நீங்களே பாருங்க. இருநூத்திப் பதினாலு பேர் மார்க் போட்டிருக்காங்க. இருநூத்திப் பதினாலு பேரும் ஒண்ணு. பேருக்கு ஒரு ரெண்டு கூடக் கிடையாது. ஒருத்தருக்காவது உங்க மேல இரக்கம் வரலையே!"

"அச்சச்சோ," என்றார் அவர்.

ஆபீசில் அவருக்குப் பெயரே அதுதான். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் பத்தொன்பது வருடமாக ஒரே நாற்காலி, ஒரே போன். எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் நடுவழியில் நின்றாலும், உள்ளே மாட்டிக்கொண்டவர் அங்கே சுவரில் பதித்திருக்கும் அவசரப் போனில் கூப்பிட்டால், மணி அடிப்பது அச்சச்சோவின் மேஜையில். எடுத்தவுடன் அவர் வாயில் வரும் முதல் சொல் அது. மெக்கானிக்கை அனுப்பிவிட்டு, கதவு திறக்கும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார். "இருட்டா இருக்காம்மா? அச்சச்சோ. பையில என்ன, தக்காளியா? பாத்து, அதுமேல உக்காந்திராதீங்க." தனக்கு உருப்படியாக வரும் ஒரே காரியம் இதுதான் என்று நம்பியிருந்தார். பாவம், அந்த மனிதருக்கு வாழ்க்கையில் இருந்த கர்வமே அவ்வளவுதான்.

மூன்று மாதம் முன்பு கம்பெனி ஒரு புது ஏற்பாடு செய்தது. பேசி முடித்ததும் பதிவு செய்த குரல் ஒன்று கேட்கும்: "எங்கள் சேவை எப்படி இருந்தது? மிக நன்று என்றால் எண் ஐந்தை அழுத்தவும். மிக மோசம் என்றால் எண் ஒன்றை அழுத்தவும்." பக்கத்து சீட்டில் புது லிஃப்ட் ஆர்டர் எடுக்கும் அம்மாள், போன் செய்கிறவர்களை "ஒரு தடவ சொன்னா புரியாதா உங்களுக்கு?" என்று உலுக்கி எடுப்பார். அவருக்கு நாலேகால்.

"மாசக் கடைசிக்குள்ள மார்க் மூணுக்காவது வரணும்," என்றார் மானேஜர். "இல்லேன்னா அந்த நாற்காலி உங்களுக்கு இல்ல. நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரன் கிடையாது. ஒரு நிபுணர்கிட்ட பேசியிருக்கேன். வேலையும் முன்னேறும், மனசும் லேசாகும்னு சொல்றாங்க. போய்க் கத்துக்குங்க."

அச்சச்சோ அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துப்போய் வரிவரியாகப் பார்த்தார். இரண்டு வாரம் முன்பு நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி ஒன்றேகால் மணி நேரம் மாட்டிக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று இருவருமாக அறுபது பெயர் யோசித்தார்கள். அவள் சிரிக்கக்கூடச் சிரித்தாள். அவள் பெயருக்கு நேரேயும் ஒன்றுதான் இருந்தது.

"மத்தவங்கள விடு," என்றார் மனைவியிடம். "அந்தப் பொண்ணுமா?"

அதற்குப் பிறகு அவர் அன்று சாப்பிடவில்லை.

நிபுணரின் அலுவலகம் ஏழாவது மாடி. அச்சச்சோ லிஃப்டில் ஏறுகிற ஆளில்லை. பத்தொன்பது வருடம் அந்த அழுகையெல்லாம் கேட்டவர் எப்படி ஏறுவார்? ஆபீசும் தரைத்தளம், வீடும் தரைத்தளம். லிஃப்ட் என்ற பெட்டிக்குள் அவர் தலையைக்கூட நீட்டியதில்லை. ஏழு மாடியும் படியேறி, நாக்குத் தள்ளப் போய் நின்றார்.

"மூச்சே சரியில்லையே," என்றார் நிபுணர். "உள்ள எவ்வளவு பாரம் வெச்சிருக்கீங்க!"

"படி ஏறி வந்தேன் சார்."

"இப்பிடித்தான் எல்லாரும் வெளியில காரணம் தேடுவாங்க." அவர் குறித்துக்கொண்டார். "சரி, போன் எடுத்ததும் என்ன சொல்வீங்க?"

"அச்சச்சோன்னு..."

நிபுணர் கையிலிருந்த பேனாவையே கீழே வைத்துவிட்டார். "அங்கதான் கோளாறு. ஒருத்தர் கஷ்டத்துல இருக்கார். நீங்களும் சேர்ந்து அழுதா? இனி அந்த வார்த்தை வாயில வரக்கூடாது. ஆபீஸ்லயும் சரி, வீட்லயும் சரி. மேஜைமேல ஒரு கண்ணாடி வைங்க. சிரிச்சுக்கிட்டே பேசுங்க. சிரிப்பு குரல்ல கேட்கும்."

கேட்டது. அதுதான் தொல்லையாகப் போயிற்று.

"வணக்கம்! இனிய காலை!" என்றார் அச்சச்சோ, கண்ணாடியில் தன் பல்லைப் பார்த்தபடி.

"நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல நிக்கறேன்யா!"

"அருமை! இதோ ஆள் வந்துக்கிட்டே இருக்கார்!"

"ஏன்யா, நான் மாட்டிக்கிட்டது உனக்குச் சிரிப்பா இருக்கா? வெளிய வரேன், அப்புறம் இருக்கு உனக்கு."

வெளியே வந்து, சொன்னபடியே நேரில் வந்தார். பக்கத்து சீட்டு அம்மாள்தான் இரண்டு அதட்டல் போட்டு அவரைத் திருப்பி அனுப்பினார். மார்க், ஒன்று.

"சிரிப்பு மேலோட்டமா இருக்கு," என்றார் நிபுணர். "உள்ளேயிருந்து வரணும். வீட்லயிருந்து ஆரம்பிங்க. தினம் காலையில உங்க மனைவிக்கு நன்றி சொல்லுங்க. சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம்."

மறுநாள் காலை மனைவி சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். அச்சச்சோ எதிரே போய் நின்று, "நீ எனக்காக இதுவரைக்கும் செஞ்ச எல்லாத்துக்கும் ரொம்ப நன்றி," என்றார். சிரிக்கவும் செய்தார்.

மனைவியின் கையில் ஊசி குத்திவிட்டது. "என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. மனசு லேசா இருக்கு."

இருபத்திரண்டு வருடத்தில் அந்த வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வந்ததில்லை. மனைவி மூன்று நாள் கவனித்தார். மனிதர் கண்ணாடிக்கு முன்னால் நின்று தனக்குத் தானே சிரித்துக்கொள்கிறார். மகள் பரீட்சையில் கோட்டை விட்டதற்குக்கூட ஒரு அச்சச்சோ இல்லை. "பரவாயில்ல, இதுவும் நல்லதுக்குத்தான்" என்கிறார். மகள் உள்ளே போய் அழுதாள். மனைவி தன் அண்ணனுக்குப் போன் போட்டு, "இவருக்கு ஏதோ பெரிய வியாதிண்ணா. எங்கிட்ட மறைக்கறாரு" என்று விம்மினார்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே கவனிப்பு. தலையணை மாறியது. டிவி சத்தம் குறைந்தது. ஜன்மத்தில் இவர் வீட்டுப் படி மிதிக்காத மச்சான் வந்து, பழைய சண்டையை மறந்து கையைப் பிடித்துக்கொண்டார். நிபுணரின் பாடம் வீட்டில் நன்றாக வேலை செய்கிறது என்று அச்சச்சோ நினைத்துக்கொண்டார். ஆபீசில் மட்டும்தான் ஏனோ செய்யவில்லை.

"நீங்க அதிகமாப் பேசறீங்க," என்றார் நிபுணர் அடுத்த வாரம். "நிதானம் வேணும். பதில் சொல்றதுக்கு முன்னாடி நாலு எண்ணி மூச்சை இழுங்க, நாலு எண்ணி விடுங்க. அந்த அமைதி அவங்களுக்கும் தொத்திக்கும்."

ஒரு முதியவர் மாட்டிக்கொண்டார். விளக்கும் போய்விட்டது. அச்சச்சோ போனை எடுத்து, வாய்க்கு மிக அருகில் வைத்து, நிதானமாக இழுத்தார். விட்டார்.

"யாரு?" என்றார் முதியவர்.

அச்சச்சோ மறுபடி இழுத்தார்.

"ஐயோ! யாரோ என்கூட உள்ள இருக்கான்! மூச்சு விடறான்! யாராவது வாங்களேன்!"

மெக்கானிக் போய்க் கதவைத் திறந்தபோது, முதியவர் கைத்தடியை ஓங்கியபடி மூலையில் நின்றிருந்தார். முதல் அடி மெக்கானிக்கின் தோளில் விழுந்தது.

அன்று மாலை வீட்டுக்கு வந்தவர் சிரிக்க மறந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மனைவி பக்கத்தில் வந்து அமர்ந்தார். "எத்தன நாள் சொல்லியிருக்காங்க டாக்டரு?"

"மாசக் கடைசி வரைக்கும்," என்றார் அச்சச்சோ.

அப்புறம் அந்த வீட்டில் எழுந்த ஓலத்தை அடக்கி, வியாதி இல்லை, நாற்காலிதான் போகிறது என்று புரியவைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. புரிந்ததும் மனைவிக்கு வந்த கோபம் இருக்கிறதே! "வேலை போனாப் போகட்டும். இந்தச் சிரிப்பை மட்டும் கொண்டுபோய் அந்த ஆள்கிட்டயே குடுத்துட்டு வாங்க. நான் கையில ஊசி குத்திக்கிட்டு நின்னேன், ஒரு அச்சச்சோ சொன்னீங்களா?"

மாதத்தின் கடைசி நாள் நிபுணரே ஆபீசுக்கு வந்தார். தன் மாணவர் ஒருவர் ஒன்றிலேயே நிற்பது அவருக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. "எந்திரிங்க, நான் உக்காந்து காட்டறேன்," என்று கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார்.

நன்றாகத்தான் பேசினார். குரல் பிசிறில்லாமல் இருந்தது. சாயங்காலத்துக்குள் பதினோரு அழைப்பு. மானேஜர் மார்க்கை எடுத்துவந்தார். பதினொன்றும் ஒன்று.

நிபுணர் தாளைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தார். அவர் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. "நாலாயிரம் பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன்," என்றார். "அவ்வளவு பேரும் மனசுக்குள்ள இதத்தான் போட்டிருப்பாங்களோ?" மூச்சை இழுத்தார். நாலு எண்ண முடியவில்லை. விக்கி விக்கி அழுதுவிட்டார்.

"அச்சச்சோ," என்றார் அச்சச்சோ. ஒரு மாதம் கழித்து அந்தச் சொல் தானாகவே வந்தது. தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். "குடிங்க சார். வீட்ல யார் இருக்கா? சாப்பிட்டீங்களா?" அரை மணி நேரம் இப்படியே பேச்சுக் கொடுத்து, அவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

மானேஜர் முடிவு செய்துவிட்டார். "நிபுணராலயே முடியல. இது மனுஷங்க உக்கார்ற சீட்டே இல்ல. நாளையிலேர்ந்து பதிவு பண்ண குரல்தான் பேசும். நாலேகால் வாங்கின குரலே நம்மகிட்ட இருக்கு, அதப் போட்டாச்சு." பக்கத்து சீட்டு அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அச்சச்சோ காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். தாளை உறைக்குள் போட்டு ஒட்டித் தலைமை அலுவலகத்துக்குக் கொடுத்தனுப்பியும் ஆயிற்று.

கண்ணாடியையும் டிபன் பாக்ஸையும் அவர் பையில் வைத்துக்கொண்டிருந்தபோது, மெக்கானிக் தோளைத் தடவியபடி உள்ளே வந்தார்.

"சார், அந்தக் கர்ப்பிணிப் பொண்ணு இருந்துச்சில்ல? பையன் பொறந்திருக்கானாம். நீங்க சொன்ன பேருல ஒண்ணுதான் வெச்சிருக்காங்களாம். உங்களப் பாக்கணும்னு கேட்டுக்கிட்டே இருக்கு."

"கேட்டு என்ன?" என்றார் அச்சச்சோ. "மார்க்கு ஒண்ணுதானே போட்டா."

"என்ன மார்க்கு?"

"பேசி முடிச்சதும் கேக்கறாங்களே. அஞ்சு அமுக்குனா ரொம்ப நல்லாப் பேசினேன்னு அர்த்தம், ஒண்ணு அமுக்குனா ரொம்ப மோசம். இருநூத்திச் சொச்சம் பேரும் ஒண்ணு. அதுக்குத்தான்யா வீட்டுக்கு அனுப்பறாங்க."

மெக்கானிக் அவரையும் மானேஜரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"லிஃப்டுக்குள்ள இருக்கற போன்ல இருக்கறதே ஒரே ஒரு பட்டன்தானே சார், அதுல அவங்க அஞ்சுக்கு எங்க போவாங்க?"