பாத்திக்குள் ஒரு பேட்டி

ஷூ போட்டுக்கொண்டு உப்புப் பாத்திக்குள் இறங்கிய எம்.ஏ. பொருளாதாரப் பட்டதாரி, மரக்காணம் வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பெருமைக்குச் சொல்லவில்லை. மறைத்தும் பிரயோஜனமில்லை, ஊருக்கே தெரியும்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு சர்வே கம்பெனியில் சேர்ந்திருந்தேன். முறைசாராத் தொழில்களைக் கணக்கெடுக்கும் வேலை. போர்டு இல்லாத கடை, ரசீது இல்லாத வியாபாரம், அட்டெண்டன்ஸ் இல்லாத கூலி எல்லாம் அதில் அடக்கம். உலகத்தில் உழைக்கிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் இப்படித்தான் பிழைக்கிறார்கள் என்று வீடியோ காலில் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு ஒழுங்கே இல்லாமல் பாவம் எப்படித்தான் வாழ்கிறார்களோ என்று இரக்கப்பட்டேன். (இரக்கப்படும்போது டை கட்டியிருந்தேன். கீழே லுங்கி. கேமராவுக்கு மேல்பாதிதான் தெரியும்.)

பத்து நாள் சோதனைக் காலம். பத்தாம் நாள் சூப்பர்வைசர் மேடம் சென்னையிலிருந்து நேரில் வருவார். திருப்தியானால் வேலை, இல்லாவிட்டால் கிளியனூரில் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். இரண்டாவதற்கு சர்வே எடுத்தே செத்துப்போகலாம்.

அந்தப் பத்தாம் நாள் காலையில்தான் அஞ்சலை அக்காவைப் பேட்டி எடுக்கப் போனேன். உப்பளத்தின் நடுவில், நீண்ட கழியில் மாட்டிய பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்தார். வரப்பு வழியாகப் போனால் சுற்று. இடையில் ஒரு பாத்தி. விரற்கடை தண்ணீர், மேலே லேசாக வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. குறுக்கே இறங்கினேன்.

"ஏம்பா, ஏம்பா, எறங்காத" என்று அவர் கத்துவதற்குள் நாலு அடி வைத்துவிட்டேன். ஐந்தாவது அடி வழுக்கியது. விழுந்த வேகத்தில் பாதிப் பாத்தியை உழுதுவிட்டேன். சர்வேக்குக் கம்பெனி கொடுத்திருந்த டேப்லெட் எனக்கு முன்பாகவே போய்த் தண்ணீரில் முங்கியது. எழுந்து பார்த்தால், வெள்ளையாகப் பூத்திருந்த உப்பு வத்தக்குழம்பு நிறத்தில் இருந்தது.

அக்கா வந்து பார்த்தார். "நாலு நாள்ல வாரவேண்டிய உப்பு. சேறாக்கிட்ட. சரி, அழுவாத."

நான் அழவில்லை. கண்ணில் உப்புத் தண்ணீர். "டேப் செத்துடுச்சுக்கா. மத்தியானம் மேடம் வர்றாங்க. வேலை போயிடும்."

இடுப்பிலிருந்து போனை எடுத்தார். "ரபீக் பாய், உப்புத்தண்ணி கேஸ் ஒண்ணு இருக்குது, வாங்க." அவ்வளவுதான். வளைகுடாவில் செல்போன் கடையில் இருந்துவிட்டு வந்து, இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு குடைக்கடியில் ரிப்பேர் பார்ப்பவர் ரபீக் பாய். பத்து நிமிடத்தில் வண்டியில் வந்தார். டேப்லெட்டை மோந்து பார்த்தார். "பாண்டியில குடுத்தா போர்டு போச்சும்பான். நமக்கு இந்த ஊரு உப்பு பழக்கம் தம்பி" என்று எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த பாத்திக்காரர் ஒரு லுங்கி கொடுத்தார். என் பேண்ட், சட்டையை ஒரு அம்மா வாங்கி அலசி வரப்பில் காயப்போட்டார். யாரும் பேர் கேட்கவில்லை, டோக்கன் கொடுக்கவில்லை, மேலதிகாரியிடம் அனுமதி வாங்கவில்லை. எந்தப் பாத்திக்கு எப்போது தண்ணீர் விடுவது, ஒருத்தர் வராத நாளில் அவர் வேலையை யார் பிடிப்பது, எல்லாம் அவர்கள் தலைக்குள்ளேயே இருந்தது. எனக்கு ஒன்பது நாளாக ஒழுங்கு கண்ணில் படாததற்குக் காரணம், நான் அதைப் பேப்பரில் தேடியதுதான்.

"என்ன வேடிக்கை? மிதி" என்றார் அஞ்சலை அக்கா. "பாத்தியக் கெடுத்தவன் மிதிச்சு சரி பண்ணிக் குடுத்துட்டுதான் மேல ஏறணும். மொதலாளி எறங்குனாலும் இங்க இதான் சட்டம்."

தண்ணீரை வடித்துவிட்டு, தலையில் துண்டோடு, களிமண்ணைக் குதிகாலால் அடி அடியாக மிதித்தேன். ஒரு மணி நேரத்தில் எனக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. அப்போதுதான் மேடம் வந்தார். (வரப்பு வழியாக. விவரமானவர்.) என்னை அடையாளம் தெரியவில்லை. உப்பளத்து ஆள் என்று நினைத்துத் தன் டேப்லெட்டைத் திறந்தார்.

"உங்க பேர் என்னங்க?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அப்பா பேரைச் சொன்னேன்.

"படிப்பு?"

"எம்.ஏ. எகனாமிக்ஸ்" என்று பழக்கதோஷத்தில் வந்துவிட்டது. மேடம் கண் கலங்கிவிட்டார்.

"அப்பாயின்ட்மென்ட் லெட்டர் இருக்கா?"

"இல்லீங்க."

"பி.எஃப்.? சம்பளத்தோட லீவு?"

"இல்லீங்க."

"திடீர்னு நிறுத்தினா யாருகிட்டயாவது கேக்க முடியுமா?"

"முடியாதுங்க."

சொல்லச் சொல்லத்தான் உறைத்தது. பேரைத் தவிர ஒரு பொய்யும் சொல்லவில்லை. மேடத்தின் கம்பெனியில் நான் பார்க்கும் வேலைக்கும் இதே பதில்கள்தான். டை கட்டிய முறைசாராத் தொழிலாளி நான்.

"வேலை எப்படி செய்யறான்னு கேக்கலியே. சுமார்தான்" என்றார் அக்கா. பிறகு, "ஏம்மா, உனக்கு இருக்குதா அந்த லெட்டரு?"

மேடம் தன் டேப்லெட்டை மூடினார். "இல்லக்கா. மாசாமாசம் மெயில் வந்தா வேலை இருக்குதுன்னு அர்த்தம்."

"அப்ப நீயும் எறங்கு, எடம் கெடக்குது."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், மேடமும்தான். அந்த நேரம் பார்த்து ரபீக் பாய் வண்டியை நிறுத்தினார். "தம்பி, உன் டேப்பு பொழச்சிடுச்சு. ஆன் பண்ணா உங்க சர்வே ஆபீஸ் பேருதான் வருது."

மேடம் அவர் கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், லுங்கியைப் பார்த்தார். நான் மிதிப்பதை நிறுத்தவில்லை.

"ஒம்பது நாள் ஃபார்ம்லயும் 'ஒழுங்குமுறை: இல்லை'ன்னு போட்டிருக்கீங்க" என்றார் கடைசியில். "வேலை வேணும்னா அத்தனை பேரையும் திரும்பப் போய்க் கேளுங்க."

போனேன், வெறுங்காலோடு. வேலை தப்பியது. பாத்திக்குள் என்னிடம் எடுத்த பேட்டியை மட்டும் மேடம் அழிக்கவில்லை. முழுசாக நிரம்பிய படிவம் அது ஒன்றுதானாம்.

சர்வே முடிந்ததும் அந்த வேலையும் முடிந்தது. பிறகு இரண்டு வேலை மாறிவிட்டேன். ஆனால் தை பிறந்து பாத்தி மிதிக்கத் தொடங்கினால் எனக்கு அக்காவிடமிருந்து போன் வந்துவிடும். ஸ்பீக்கரில் போட்டு வீட்டில் எல்லாரையும் கூப்பிடுவது என் மனைவி.

"ஏம்பா, ஆள் கொறையுது. வர்றியா? உனக்குத்தான் எக்ஸ்பீரியன்ஸ் இருக்குதே."

"லீவெல்லாம் குடுப்பீங்களாக்கா?" என்பாள் மனைவி.

"மழை பேஞ்சா லீவுதான்."

எனக்கு வேலை கொடுத்தவர்களில் லீவை முன்கூட்டியே சொன்னவர் அஞ்சலை அக்கா ஒருவர்தான்.