அறுபது வருஷச் சுழற்சியும் ஆறு மூட்டை நெல்லும்

சுழற்சிக்காரர் என்று ஓர் இனம் உண்டு. பாலாற்றங்கரை ஊர்களில் தோல் தொழிற்சாலைக்கு ஒருவர் வீதம் கிடைப்பார். அடையாளம் எளிது. "இன்னா வெயிலு!" என்று நீங்கள் நெற்றியைத் துடைத்தால் அவர் விரலை மடக்குவார். சூரியனில் பதினோரு வருஷத்துக்கு ஒரு முறை கரும்புள்ளி, கடலில் சில வருஷத்துக்கு ஒரு முறை சூடு, பஞ்சாங்கத்தில் அறுபது வருஷத்துக்கு ஒரு முறை அதே பெயரில் வருஷம் என்று மூன்றையும் கூட்டிக் கழித்து, வருகிற ஐப்பசியில் அரிசி என்ன விலை என்பதை டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுவார். தாத்தா காலத்துப் பஞ்சம் மாதத்தோடு நினைவிருக்கும். இன்றைக்குக் குடை எடுத்துவர நினைவிருக்காது.

ஆதிகேசவனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்பூர்த் தோல் கிடங்கில் முப்பது வருஷமாகப் பச்சைத் தோலுக்கு உப்புப் போடுகிறவர். ஆலங்காயம் பக்கம் அரை ஏக்கர் நிலம். சித்திரை அறுவடையில் பன்னிரண்டு மூட்டை நெல் வந்தது. அதே வாரம் கிணற்று மோட்டார் எரிந்துபோனது. நெல்லை விற்று மோட்டார் வாங்கினால்தான் அடுத்த நடவு என்றார் மனைவி அமிர்தவள்ளி.

"இப்பப் போய் விப்பாங்களா? அறுபது வருஷத்துக்கு முன்னாடி இதே வருஷம் சொட்டு மழ இல்ல. ஐப்பசில வெல டபுள்!"

"அப்ப நீங்க பொறக்கவே இல்ல. ஆறு மூட்ட உங்க சுழற்சிக்கு, ஆறு மூட்ட என் மோட்டாருக்கு."

வியாபாரி ஹஸன் வந்தார். ஒரு நெல்லைக் கடித்துப் பார்த்தார். ஈரம் பார்க்க அவருக்கு வேறு கருவி கிடையாது. ஆறு மூட்டையை ஏற்றிக்கொண்டு போனார். மோட்டார் வந்தது.

மீதி ஆறைப் பஞ்சம் வரும்வரை காக்க வேண்டுமே? காப்பது என்றால் ஆதிகேசவனுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். தோலை அடுக்குவதுபோல மூட்டைகளை அடுக்கி, அடுக்குக்கு அடுக்கு கல்லுப்பை வாரி இறைத்தார்.

ஆடியில் மழை பிடித்தது. விட்டு விட்டு, ஆனால் விடாமல் பெய்தது. உப்பு காற்றிலிருந்த ஈரத்தையெல்லாம் குடித்துக் கசிந்து மூட்டைக்குள் இறங்கியது. ஊரெல்லாம் நல்ல விளைச்சல். ஐப்பசியில் விலை ஏறவில்லை. ஹஸன் மறுபடி ஒரு நெல்லைக் கடித்தார். துப்பினார்.

"இன்னாண்ணே இது, நெல்லா கருவாடா? வெலயே கம்மி, இதுல உப்பு வேற ஜாஸ்தி. பாதி வெலன்னா ஏத்திக்கிறேன்."

மனம் உடைந்திருப்பார் என்கிறீர்களா? சுழற்சிக்காரரா?

"சுழற்சி தப்பு இல்ல பாய். ஒரு வருஷம் தள்ளி ஆரம்பிக்குது."

"அது ஆரம்பிக்கறதுக்குள்ள மோட்டாரப் போடுங்க!" என்று வயலிலிருந்து அமிர்தவள்ளியின் குரல் வந்தது. போட்டார். இளம்பயிருக்குள் தண்ணீர் குதித்து ஓடியது. அதைப் பார்த்தபடி ஹஸனிடம் சொன்னார்: "கெணறு ரொம்பும்னு எனக்கு அப்பவே தெரியும்."

சிரிக்கிறீர்கள். சரி. ஆனால், 'எங்கள் ஊர் ஏரி கடைசியாக நிரம்பியது எந்த வருஷம், அதற்கு முன்னால்...' என்று கணக்குப் போட்டு நடுவில் எங்கோ உங்கள் சுண்டுவிரல் மடங்கியதே, அது ஏன்? விரலை நிமிர்த்துங்கள். போய் மோட்டார் ஓடுகிறதா என்று பாருங்கள்.