பல்கேரியா முறைப்படி ஒரு சாமித் திருட்டு

நான் ஒருமுறை சாமியைத் திருடியிருக்கிறேன். ஒன்றல்ல, மூன்று. மஞ்சள் பையில் போட்டு, பஸ்ஸில் மடிமேல் வைத்து, மூன்றுக்கும் டிக்கெட் எடுக்காமல் கொண்டுவந்தேன். காரணம் பல்கேரியா நாடு. (பழியைத் தூரத்தில் இருப்பவர்கள்மேல் போடுவது நல்லது. வந்து கேட்க மாட்டார்கள்.)

எண்பதுகளின் நடுவில் ஏற்காட்டில் ஒரு மிஷன் பள்ளியில் தற்காலிக வரலாற்று ஆசிரியராக இருந்தேன். பள்ளி ஆய்வாளர் வந்து பார்த்துச் சரியென்று எழுதினால் வேலை நிரந்தரம். நிரந்தரமானால் பெண் தருவதாகச் சேலத்தில் ஒருவர் சொல்லியிருந்தார். இல்லையென்றால் இரண்டும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு மாணவியின் நோட்டு அட்டையில் அந்தக் கட்டுரையைக் கண்டேன். பழைய பேப்பர் கடையில் கிடைக்கும் வெளிநாட்டு வழவழப்புப் பத்திரிகைகளைக் கிழித்துத்தான் எங்கள் பிள்ளைகள் அட்டை போடுவார்கள். பல்கேரியாவின் அருங்காட்சியகங்களில் ‘தொடாதே’ பலகைகளை எடுத்துவிட்டார்களாம். பிள்ளைகள் பழம்பொருட்களைத் தொட்டுப் பார்க்கிறார்கள், மண் பிசைந்து பானை செய்கிறார்கள். வழிகாட்டியே ஆதிமனிதன் வேடத்தில் வருகிறார். கடைசியில், ‘ஆனால் முக்கியமாக நினைவில் வைக்க வேண்டியது’ என்று ஒரு வரி தொடங்கி, மடிப்பில் கிழிந்திருந்தது. மிச்சம் வேறு யாருடைய கணக்கு நோட்டிலோ இருந்திருக்கும். நான் தேடவில்லை. முக்கால் கட்டுரையே என்னைப் போன்ற அறிவாளிக்கு அதிகம்.

அடுத்த வாரம் மாணவர் சேர்க்கைக்காகச் செம்மநத்தம் என்ற மலைக்கிராமத்துக்குப் போனபோது, மரத்தடியில் பளபளவென்று மூன்று கருங்கற்களைப் பார்த்தேன். ஒரு முனை தீட்டினாற்போல் இருந்தது. புதிய கற்காலக் கோடரிகள்! பாடப்புத்தகப் படத்தில் இருந்த அதே கற்கள், கேட்பாரில்லாமல் கிடந்தன. மேலே நாலைந்து பூ கிடந்தது. மரத்திலிருந்து உதிர்ந்திருக்கும் என்று முடிவு செய்தேன். (அது பலா மரம். பூ செவ்வந்தி.)

வகுப்பறையில் மேசை போட்டுக் கற்களை வைத்து, ‘தயவுசெய்து தொடவும்’ என்று பலகை மாட்டினேன். ஆய்வுக்கு முந்தின நாள் பிள்ளைகளை வரிசையில் விட்டுப் பார்த்தேன். செம்மநத்தத்து மாணவி ஒருத்தி கற்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பல்கேரியாவில்கூட வரலாற்றுக்கு இவ்வளவு மரியாதை இருக்காது என்று பூரித்துப்போனேன்.

மறுநாள் ஆய்வாளர் வந்தார். நான் காப்பிச் சாக்கில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டி, காதில் சில்வர் ஓக் இலை செருகி, கையில் ஒரு கோடரியோடு உறுமிக்கொண்டு வெளிப்பட்டேன். முதுகில் எஸ்டேட் முத்திரையும் ‘முதல் தரம்’ என்ற எழுத்தும் இருந்தன.

“யாருங்க இது?” என்றார் ஆய்வாளர்.

தலைமையாசிரியர் தரையைப் பார்த்தபடி, “எங்க ஹிஸ்டரி வாத்தியாருங்க” என்றார்.

“பர்மனென்ட் பண்ணோணும்னு சொன்னீங்களே, அவரா?”

“இன்னொருக்கா யோசிக்கலாமுங்க.”

அதற்குள் வாசலில் செருப்புகள் கழன்றன. மாணவி வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். செம்மநத்தத்து ஊர்க்கவுண்டரும் பின்னால் இருபது பேரும் உள்ளே வந்தார்கள்.

“ஏனுங்க வாத்தியாரே, எங்க சாமி இங்க என்னங்க பண்ணுது?”

கிழிந்துபோன அந்த வரியின் மிச்சம் அப்போது எனக்குத் தெளிவாக விளங்கியது.

“இது... கோடாலிங்க. பல ஆயிரம் வருசத்துக்கு முந்தி...”

“அது அப்பங்க. இப்ப சாமிங்க.”

(வரலாற்றை இவ்வளவு சுருக்கமாக எனக்கு எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தரவில்லை.)

“தப்புத்தானுங்க. எடுத்துக்கிட்டுப் போயிருங்க” என்றேன்.

“அதெப்படிங்க? தூக்கியாந்தவருதான் கொண்டாந்து உடோணும். பஸ்ஸு ஆகாதுங்க. நடந்து.”

“சட்டை மாத்திட்டு வந்தர்றனுங்க.”

“எதுக்குங்க?” என்றார் கூட்டத்தில் ஓர் அம்மா. “இதே நொம்ப பக்தியாத்தான இருக்குது!”

ஆக, தலையில் மூன்று சாமிகளோடு சாக்கில் நடந்தேன். வழிநெடுக எஸ்டேட் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு வந்து கும்பிட்டார்கள். சாமியையா, முதல் தரத்தையா என்று தெரியவில்லை. வேடிக்கை பார்க்க என் வகுப்பு மொத்தமும் கிளம்பியது. அவர்களை மேய்க்கத் தலைமையாசிரியர் வந்தார், அவரைப் பார்க்க ஆய்வாளரும் வந்தார். என் வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் கவுண்டரைக் கேள்வி கேட்டே துளைத்தார்கள். கல் எப்படிக் கிடைத்தது, யார் முதலில் பூ வைத்தது, மழை வராவிட்டால் சாமியை என்ன செய்வீர்கள்?

“திட்டுவோம் கண்ணு” என்றார் கவுண்டர்.

ஆய்வாளர் நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டே நடந்தார். மரத்தடியில் கற்களை இறக்கியதும் எல்லோருக்கும் பொங்கல் கொடுத்தார்கள். ஆய்வாளர் இரண்டாம் தரம் வாங்கிக்கொண்டார். எனக்குக் கவுண்டரே மூன்றாம் தரம் வைத்தார்.

அறிக்கை வந்தது: ‘களப்பயணம் மிகச் சிறப்பு. மாணவர் ஆர்வம் போற்றத்தக்கது. ஆசிரியர் உடையில் கவனம் தேவை.’ வேலை நிரந்தரமானது. பெண்ணும் கிடைத்தாள். கதையை அவளிடம் நானே சொன்னதுதான் என் அடுத்த தவறு.

இன்றும் சந்தையில் நான் ஒரு சேனைக்கிழங்கைக் கையில் எடுத்தால் போதும், “ஏனுங்க, நல்லாப் பாத்துக்கோங்க, அதுல உங்க சாமி ஏதும் இல்லீங்களே?” என்று கடைக்காரரைக் கேட்பாள். அவர் முழிப்பார். முழுக்கதையையும் அவள் சொல்லி முடிக்கும்வரை நான் கிழங்கோடு நிற்க வேண்டும்.