கிட்னியும் ஒரு குப்பி பசையும்

‘டமார்!’

சத்தம் கேட்டு அட்டெண்டரே துள்ளிக் குதித்தார். துள்ளிய பிறகுதான், அந்தச் சத்தத்துக்குக் காரணம் தான்தான் என்பது அவருக்கு உறைத்தது.

உடற்கூறுத் துறையின் தேர்வுக்கூடம். நடு மேசையில் பலகை ஒன்று நிமிர்ந்து நிற்கும். அதில் இரண்டு சிறுநீரகங்கள், அவற்றிலிருந்து இறங்கும் இரண்டு குழாய்கள், அடியில் சிறுநீர்ப்பை. எல்லாம் வண்ணம் பூசிய மாடல். தூசி தட்டத் துணியால் லேசாகத்தான் தொட்டார். இப்போது பலகையில் சிறுநீர்ப்பை மட்டும் அநாதையாக இருந்தது. ஒரு கிட்னி நாற்காலிக்கு அடியில், இன்னொன்று கதவோரம். குழாய்கள் திசைக்கொன்றாகக் கிடந்தன.

மணி எட்டு நாற்பது. ஒன்பதரைக்கு வெளியூர்த் தேர்வாளர் வருகிறார். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. பதினோரு வருடமாகத் தற்காலிகமாகவே இருக்கும் அட்டெண்டரை நிரந்தரமாக்கும் உத்தரவு, துறைத்தலைவி மேடத்தின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. இன்று விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். மேடமோ, ஒரு சோதனைக்குழாய் கீறினாலே மூன்று பக்கம் விளக்கம் கேட்கிறவர்.

மாணவர்கள் அவருக்கு ‘படபடப்பு’ என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. அலமாரியைக் குடைந்து, உடனே ஒட்டும் பசைக் குப்பியைத் தேடி எடுத்தார். தாராளமாகப் பிழிந்தார். வலது, இடது என்று இரண்டு கிட்னியையும் பலகையில் அழுத்தினார்.

“அண்ணே, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?”

வாசலில் டைப்பிஸ்ட் நின்றிருந்தாள்.

“கத்தாத தாயீ! விழுந்துடுச்சு. ஒட்டிட்டேன். பாரு, புதுசு மாதிரி இல்ல?”

“புதுசாத்தான் இருக்கு. உலகத்துலயே இல்லாத புதுசு. பள்ளம் ரெண்டும் வெளிய பாத்துக்கிட்டிருக்கு, காது மாதிரி. அது உள்பக்கம் பாக்கணும்ணே. அந்தப் பள்ளத்துலருந்துதானே குழாய் கிளம்பணும்?”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“பதினஞ்சு வருஷமா விடைக்குறிப்பு டைப் அடிக்கிறேன். இந்நேரம் எனக்கே பட்டம் குடுத்திருக்கணும்.”

அவர் இரண்டையும் பிடுங்கினார். பலகையின் வண்ணமும் சேர்ந்து வந்தது. மறுபடி பசை வைத்து, மெதுவாக உள்பக்கம் திருப்பத் தொடங்கினார். பாதி திருப்புவதற்குள் பசை இறுகிவிட்டது. பள்ளங்கள் இரண்டும் இப்போது நேராக அவரையே முறைத்தன.

“இப்ப என்ன செய்யறது?”

“குழாயையாவது ஒட்டுங்க. அப்புறம், ரெண்டும் ஒரே மட்டத்துல இருக்கு. வலது கொஞ்சம் கீழ இறங்கணும். மேல கல்லீரல் உக்காந்திருக்கும்ல?”

“இல்லாத கல்லீரலுக்கு எதுக்கும்மா இடம் விடணும்?”

“அதைத் தேர்வாளர்கிட்ட கேளுங்க.”

குழாய்களை முன்பக்கமாக இழுத்துப் பள்ளத்தில் ஒட்டினார். அடிவயிறு முட்டியது.

“தாயீ, ஒரு நிமிஷம் போயிட்டு வந்துடறேன்.”

“இப்பத்தானே போனீங்க?”

“மறுபடி வருதே!”

“பயந்தா அப்படித்தான்ணே. பை நெறையவே வேணாம். மூளை கலவரப்பட்டாப் போதும், வருது வருதுன்னு தோணும். போன வருஷம் ஏழாவது கேள்வி. அடக்கிக்கிட்டு வேலையைப் பாருங்க.”

பசை இளக வெந்நீர் ஊற்றலாம் என்று அவருக்கு ஒரு யோசனை உதித்தது. கெட்டிலைத் தூக்கி வந்து வலது கிட்னியின் மேல் ஊற்றினார். வலது இளகியது. வழிந்த நீரில் இடதும் இளகியது. இரண்டும் கைகோத்துக்கொண்டு சரிந்து, கீழ்முனைகள் ‘டக்’கென்று மோதி ஒட்டிக்கொண்டு நின்றன.

இழுத்தார். அசையவில்லை. மேசையில் கால் வைத்து இழுத்தார். மேசைதான் அசைந்தது.

“அண்ணே, வர்றாங்க!”

தூசித் துணியை மாடலின் மேல் போர்த்திவிட்டுச் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார். முன்னால் வெளியூர்த் தேர்வாளர், பின்னால் மேடம், அவர்களுக்கும் பின்னால் முதல் மாணவி. மேடத்தின் கண்கள் சிவந்திருந்தன. செய்தி எட்டிவிட்டது போல என்று அட்டெண்டருக்கு அடிவயிறு இன்னொரு முறை முட்டியது.

“மூடி வெச்சா எப்படிம்மா கேள்வி கேக்கறது?” என்று தேர்வாளர் துணியை உருவினார்.

மேடத்தின் வாய் திறந்தபடி நின்றது. தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார்.

“இது என்ன, சொல்லும்மா.”

மாணவி எட்டிப் பார்த்தாள். “சார்... லாடச் சிறுநீரகம். கருவுலயே ரெண்டு கிட்னியும் கீழ்முனையில ஒட்டிக்கறது. குதிரை லாடம் மாதிரி இருக்கும்.”

“சபாஷ்! பள்ளம் முன்பக்கம் பாக்குது, குழாய் ரெண்டும் இணைப்புக்கு முன்னாடி இறங்குது, இருக்க வேண்டிய இடத்துக்குக் கீழயே நின்னுடுச்சு. அத்தனையும் கச்சிதம்! ஐநூறு பேர்ல ஒருத்தருக்குத்தான் இப்படி இருக்கும். எந்தக் கல்லூரியிலயும் இதுக்கு மாடல் நான் பாத்ததில்ல. யார் செஞ்சது?”

டைப்பிஸ்ட் அட்டெண்டரின் முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள்.

“இவர்தான் சார். தூக்கம் மறந்து செஞ்சாரு.”

தேர்வாளர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். விரல்களில் மிச்சப் பசை இருந்ததால் பிரித்தெடுக்கச் சற்று நேரமானது.

தேர்வு முடிந்ததும் மேடம் அவரை அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். அட்டெண்டர் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். மேடம் கோப்பைத் திறந்து, கையெழுத்துப் போட்டு, அவர் பக்கம் நகர்த்தினார்.

“மேடம்... அந்த மாடல்... உண்மை என்னன்னா...”

“ஷ்ஷ்!” மேடம் எழுந்து வந்து ஜன்னலையும் சாத்தினார். “நேத்து சாயங்காலம் அதைக் கீழ தள்ளி உடைச்சிட்டு, ஆபீஸ் கோந்தைத் தடவி நிறுத்தி வெச்சிட்டுப் போனதிலிருந்து எனக்குப் பொட்டுத் தூக்கமில்லப்பா!”