கை நீட்டினால் லட்சியம்

நகரத்தில் திடீரென்று எல்லாருக்கும் வாழ்க்கையின் லட்சியம் கிடைக்க ஆரம்பித்தது. நேரத்துக்குப் பேருந்து கிடைக்காது, குழாயில் தண்ணீர் கிடைக்காது, லட்சியம் மட்டும் தட்டுப்பாடில்லாமல் கிடைத்தது. வழங்கியவர் ஆனந்தர். விளையாட்டரங்கின் நடுவில் ஒரு கறுப்புத் திரையைக் கட்டி, அதன் பின்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் ஒரு ஓட்டை. அதற்குள் கையை நீட்டினால், அந்தக் கைக்காரர் எதற்காகப் பிறந்தார் என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிடுவார். முகம் பார்க்கமாட்டார். குரல் கேட்கமாட்டார், காதில் பஞ்சு. கண்ணைக்கூட மூடிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. பெற்ற தாய்க்குத் தெரியாதது அவருக்குத் தொட்டதும் தெரிந்தது.

நம் கணக்கரும் கையை நீட்டினார். லிஃப்ட் கம்பெனியில் கணக்கு எழுதுபவர். ஊரையே மேலே ஏற்றிவிடும் கம்பெனியில் பல வருடங்களாக அதே நாற்காலி. காலையில் கண் விழிக்கும்போதே அலுப்பு.

"அலுவலகச் சிறையில் ஒரு பாடகன் அழுகிறான். அவனை விடுதலை செய்," என்றது ஒலிபெருக்கி.

கணக்கருக்கு மயிர்க்கூச்செறிந்தது. குளியலறையில் தான் பாடுவது இவருக்கு எப்படித் தெரிந்தது? குளியலறையில் பாடாதவர் உலகத்தில் யார் என்று மட்டும் அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அன்று முதல் அவர் பாடினார். வீடு பட்டது பாடு. மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். கணக்கர் அசரவில்லை. சின்னப் பையனைப்போல வீட்டுக்குள் துள்ளிக்கொண்டு திரிந்தார்.

"திங்கட்கிழமை வேலையை விட்டுடப் போறேன்," என்றார்.

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் மனைவி, கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டார்.

"பாடுங்க, வேண்டாங்கல. பொண்ணுக்கு இது கடைசி வருஷப் படிப்பு. அதை யாரு பாக்கறது?"

"ஆனந்தர் வாக்கு தப்பாது. என் முகத்தைக்கூட அவர் பாக்கல."

"கையில என்ன, நீல ரிப்பன்?"

"வரிசையில நிக்கறப்ப அவரோட மைத்துனர் கட்டினது. தங்கமான மனுஷன். என்ன வேலை, தூக்கம் வருதா, எல்லாம் அன்பா விசாரிச்சுட்டுத்தான் கட்டுவார்."

மனைவி யோசித்தார். "எங்க டைப்பிஸ்ட்டுக்கும் நீலம்தான். அவளும் பாடகியாம்."

"நாட்டுல ஒரே ஒரு பாடகர்தான் இருக்கணுமா?"

"பேரை மறைச்சுக் குடுத்தாலும் ரத்தம் அதே முடிவைத்தான் சொல்லணும். மாறிச் சொன்னா மிஷின்ல கோளாறு. ஞாயித்துக்கிழமை நானும் வரேன். சொன்னதையே சொன்னார்னா நீங்க பாடுங்க, நான் பக்கத்துல உக்காந்து கை தட்டறேன்."

ஞாயிற்றுக்கிழமை அரங்கில் எள் போட்டால் எண்ணெய் ஆகும் கூட்டம். கணக்கருக்கு மறுபடி நீலம். முன்னால் நின்ற, ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கு வெள்ளை. மைத்துனர் அந்தப்பக்கம் நகர்ந்ததும், மனைவி பெரியவரிடம் காதோடு காதாகப் பேசி, இரண்டு ரிப்பன்களையும் மாற்றிக் கட்டினார்.

பெரியவர் நீலத்தோடு கையை நீட்டினார்.

"அலுவலகச் சிறையில் ஒரு பாடகன் அழுகிறான்."

"எனக்கு ஆபீஸே கிடையாதேம்மா," என்றார் பெரியவர், சத்தமாக.

அடுத்து கணக்கர், வெள்ளையோடு.

"ஓய்வுபெற்றோமே என்று கலங்காதே. பேரப்பிள்ளைகளோடு ஊர் சுற்று."

பேரப்பிள்ளைகளுக்கு அம்மாவாக வேண்டியவள் இன்னும் கல்லூரியில் இருந்தாள். பின்னால் கூட்டம் சலசலத்தது. மைத்துனர் ஓடிவந்தார்.

"நம்பிக்கை இல்லாம நீட்டினா கை பொய் சொல்லும்மா."

"அப்படிங்களா? உங்களைவிட நம்பிக்கை உள்ளவங்க இங்க யாரு? நீங்க நீட்டுங்க," என்று பெரியவர் கையிலிருந்த நீல ரிப்பனை அவிழ்த்து, மைத்துனர் கையில் கட்டிவிட்டார் மனைவி.

"நீட்டு, நீட்டு," என்று கூட்டம் தாளம் போட்டது. மாட்டேன் என்றால் கடையை மூடவேண்டியதுதான். மைத்துனர் நீட்டினார். கை உள்ளே போனதும், ஆபத்து ஆபத்து என்று விரல்களை ஆட்டினார்.

"ஆகா, இந்த விரல்கள் துடிக்கும் துடிப்பு. அலுவலகச் சிறையில் ஒரு பாடகன்..."

மைத்துனர் நறுக்கென்று கிள்ளினார்.

"...கோபத்தோடு அழுகிறான். உன் முதலாளி உன் உழைப்பை உறிஞ்சுகிறான். அவன் ஒரு ஏமாற்றுக்காரன். இன்றே அவனை விட்டு வெளியேறு."

அரங்கம் அதிரச் சிரித்தது. மைத்துனர் சிவந்துபோனார். "இதுவரைக்கும் நீ சொன்னதுல இது ஒண்ணுதான் மச்சான் உண்மை," என்று சொல்லித் திரையைப் பிடித்து இழுத்தார். அது கம்பியோடு விழுந்தது. காதில் பஞ்சும் கையில் டார்ச்சுமாக, கண்களை நன்றாகத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார் ஆனந்தர். ரிப்பனின் நிறம் இருட்டில் தெரியவேண்டாமா?

கணக்கர் வெட்கப்பட்டார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். இப்படி வயிறு வலிக்கச் சிரித்து எத்தனை காலமாயிற்று என்று அவருக்கே தெரியவில்லை.

"வேலையை விடல," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பாட்டையும் விடமாட்டேன். நல்லாத்தான் இருக்கு."

"கதவைச் சாத்திட்டுப் பாடுங்க," என்றார் மனைவி.

இருவரும் வாசலைத் தாண்டுமுன் ஒரு அம்மாள் ஓடிவந்து, மனைவியின் முன்னால் பயபக்தியோடு கையை நீட்டினார்.

"ஆனந்தரையே கண்டுபிடிச்சுட்டீங்க. உங்களுக்குப் பெரிய சக்தி இருக்கு. என் லட்சியம் என்னன்னு பாத்துச் சொல்லுங்க."

அந்த அம்மாளுக்குப் பின்னால் அதற்குள் ஒரு வரிசை சேர்ந்திருந்தது.

மனைவி அந்தக் கையை மெதுவாக மடக்கிவிட்டார். "கழுத்துக்கு மேல ஒண்ணு இருக்கும்மா. சீப்புக்கு மட்டும்தான் அதைக் குடுப்பீங்களா? கொஞ்சம் நீங்களும் உபயோகிச்சுப் பாருங்க."