காளானுக்குக் கம்பளி கட்டிய கதை

மேல்பிரிவு,
பொகவந்தலாவை.

வத்தளையில் கடை முதலாளிக்கு அடுத்த முதலாளியாக வாழும் கொழுந்தனார் கணேசமூர்த்தி அவர்களுக்கு மதினி ராசம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அண்ணனும் அவருடைய இருமலும் சுகம். அங்கே நீங்களும் உங்கள் வீட்டுக்காரி நிலக்ஷியும் உங்கள் தொப்பையும் சுகமாயிருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன், நேரில் வந்து பார்த்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. கோட்டுப் போட்டு பிளாஸ்டிக் ரோசாப்பூ பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்து, கண்ணாடி போட்டு அனுப்பினீர்களே, அதில் உங்களுக்குத் தாடி முளைத்துவிட்டது. பச்சைத் தாடி. துடைத்தேன், மூக்கும் சேர்ந்து வந்துவிட்டது. ஏன் எப்படி என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் நடுவில் பேச விடமாட்டீர்கள், அதனால்தான் கடிதம். இதில் நீங்கள் வாயைத் திறக்க முடியாது.

எங்களுக்குத் தனி வீடு கிடைத்து, வரிசையாக ஒட்டிக் கிடக்கும் பழைய லயத்து அறையை விட்டு வந்தபோது நீங்கள் சொன்னீர்களே, “மதினி, நாங்க பொறந்து வளந்த காம்பரா அது. திருவிழாவுக்கு வந்து ஒரு ராத்திரியாச்சும் அதுல படுக்கணும், அதுக்குள்ள இடிக்க விட்றாதீங்க” என்று, அது என் காதிலேயே இருக்கிறது. இந்தத் தையில் லயத்தைப் பார்க்கிற ஐயா வந்து, “காம்பராவுல ஆள் இருக்கணும், இல்லாட்டி ஏதாச்சும் தொழில் நடக்கணும். சும்மா பூட்டிக் கிடந்தா இடிக்கத்தான் வேணும், நான் என்னங்க செய்ய?” என்றார். “தொழில் நடக்குதுங்கய்யா” என்று சொல்லிவிட்டேன். என்ன தொழில் என்று அவர் கேட்ட பிறகுதான் நானே யோசித்தேன். அட்டனில் காளான் வளர்க்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று பஸ்ஸில் யாரோ பேசியது ஞாபகம் வந்தது, வாயில் காளான் என்று வந்துவிட்டது. சரி, திருவிழாவுக்கு முன்னால் வந்து பார்க்கிறேன், காளான் இருந்தால் காம்பரா இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அட்டனில் சொல்லிக் கொடுத்தது கேதீஸ்வரி மிஸ். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, தங்கமான பிள்ளை, பேசினால் பாதி எனக்கு விளங்கும். “அம்மா, அறை எப்பவும் ஈரமா இருக்கோணும், ஆனா பையில தண்ணி தேங்கப்படாது. நல்லாக் காத்து வரோணும், ஆனா நேர அடிக்கப்படாது” என்றது. எனக்கு உடனே உங்கள் ஞாபகம்தான். நான் கல்யாணமாகி வந்தபோது நீங்களும் இப்படித்தானே, சோறு சூடாக இருக்கணும், ஆனால் சுடக்கூடாது. மரத்தூள் அடைத்த பைகளும் கொடுத்து, கடிகாரம் மாதிரி ஒரு சாமானும் கொடுத்தது. காற்றில் எவ்வளவு ஈரம் என்று அது காட்டுமாம், முள்ளு தொண்ணூறு பக்கத்தில் நிற்க வேண்டுமாம். உங்கள் அண்ணன் அதைப் பார்த்துப் பார்த்துத் தேத்தண்ணி கேட்கிறார்.

அவர் ஆயுசு முழுக்கத் தேயிலைப் பக்டரி மாடியில் காற்றடித்துக் கொழுந்து வாட்டியவர் என்பது உங்களுக்குத் தெரியும். மிஸ் சொன்னதில் “காத்து” என்ற ஒரு சொல்தான் அவர் காதுக்குப் போயிருக்கிறது. காம்பராவில் அடுக்கிய பையில் முதல் மொட்டு விரிந்ததும் பெரிய மின்விசிறியைக் கொண்டுபோய் வைத்து, முடுக்கிவிட்டு, ஜன்னலையும் திறந்து வைத்துவிட்டார். வெளியே மாசிப் பனிக்காற்று, உதடு வெடிக்கிற காற்று. மறுநாள் போய்ப் பார்த்தால் மனுஷன் குத்த வைத்து உட்கார்ந்து ஒரு காளானைக் கைக்குள் வைத்துப் பிசைகிறார், மோந்து பார்க்கிறார், “நல்ல வாட்டம் வந்திருக்கு புள்ள, இப்ப ரோலருக்குப் போடலாம்” என்கிறார். தொட்டுப் பார்த்தேன். அப்பளம். மிஸ் வந்து தலையில் கை வைத்துக்கொண்டு, “ஐயோ, எல்லாம் காஞ்சு போச்செல்லோ!” என்றது. “காயலீங்க மிஸ், வாடியிருக்கு” என்று இவர் அதற்குப் பாடம் எடுக்கிறார்.

அவரை வெளியே அனுப்பிவிட்டு நானே இறங்கினேன். கம்பி போட்ட ஜன்னலைப் பலகை வைத்து ஆணியடித்து அடைத்தேன், கதவிடுக்கில் சாக்குத் திணித்தேன், தரையில் ஈரச் சாக்கு விரித்தேன், பூவாளியில் தண்ணீர் தெளித்தேன். அடுப்புக்கு மேலே புகை போகிற ஓட்டை மட்டும் மிச்சம். என்ன வைத்தும் அது சரியாக அடைபடவில்லை, உங்கள் படம்தான் அளவெடுத்த மாதிரி பொருந்தியது. உங்களை உள்பக்கம் பார்க்கத்தான் வைத்தேன், மரியாதை குறைக்கவில்லை. முள்ளும் தொண்ணூறைத் தாண்டிப் போய் நின்றது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. வந்த காளானைப் பார்க்க வேண்டுமே! கழுத்து நீளம், தலை மிளகு அளவு. கல்யாணத்துக்கு முந்தி நீங்கள் இருந்தீர்களே, அதே சாயல். மிஸ் பார்த்துவிட்டு, “இதுகளுக்கு மூச்சு முட்டிப்போச்சு அம்மா. இதுகள் விட்ட மூச்சே உள்ளுக்க நிண்டிட்டுது. நல்ல காத்தைத் தேடித்தான் கழுத்தை நீட்டுதுகள்” என்றது.

திறந்தால் காய்கிறது, மூடினால் மூச்சு முட்டுகிறது. ஐயா வரும் நாளோ கிட்டே வந்துவிட்டது. அந்த அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூச்சு முட்டுகிறது என்ற சொல்தான் திரும்பத் திரும்ப வந்தது. அதே காம்பராவில் நாம் எல்லோரும் அடைந்து கிடக்கவில்லையா கொழுந்தனாரே? புகை ஒருபக்கம், உங்கள் அப்பாவின் சுருட்டு ஒருபக்கம், உங்கள் கால் என் தலைமாட்டில். உங்கள் அம்மா விடியுமுன்னே பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்க எழும்பும்போது கதவைத் திறந்துவிடுவார்கள். “அம்மா, சாத்தும்மா, குளிருது!” என்று நீங்கள் கத்துவீர்கள். “கெடங்கடா, கொஞ்சம் காத்து வரட்டும், ஒங்க மூச்சையே எத்தன தரம் குடிப்பீங்க?” என்பார்கள். ஆனால் சும்மா திறக்கமாட்டார்கள். முதல்நாள் மலையில் கொழுந்தெடுக்கும்போது தலையில் போர்த்தி மழையில் நனைந்து வந்த கம்பளியை வாசல் நிலையில் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால்தான் கதவைத் திறப்பார்கள். வெளியே கோபமாக வருகிற காற்று ஈரக் கம்பளியில் முட்டி, சாதுவாகி, உள்ளே வரும். காற்றோடு ஒரு வாசமும் வரும்.

ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து அந்தக் கம்பளியை எடுத்தேன். மோந்து பார்த்தால் பூச்சி உருண்டை வாசம் மட்டும்தான். தண்ணீர் கொட்டுகிற பீலிக்குக் கொண்டுபோய் நனைத்தேன். நனைத்ததும் உங்கள் அம்மா வந்துவிட்டார்கள். மழை, ஆட்டு உரோமம், தேயிலைக் கறை, அடுப்புப் புகை, எல்லாம் அப்படியே. புதுப்பொண்ணாக வந்த அன்றைக்கு இந்த வாசத்துக்கு மூக்கைப் பொத்தியவள்தான் நான். இப்போது பீலியடியில் அதில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் முள்ளுச் சாமானைப் பக்கத்தில் வைத்திருந்தால் நூறைக் காட்டியிருக்கும்.

ஈரத்தில் பூஞ்சைத் தாடி பிடித்துப்போன உங்கள் படத்தை எடுத்துவிட்டுப் புகை ஓட்டையைத் திறந்தேன். கம்பளியை நிலையில் கட்டி, கதவைப் பாதி திறந்தே வைத்தேன், அதற்குப் பிறகு முழுசாகச் சாத்தவே இல்லை. காய்ந்தால் நனைப்பேன், அவ்வளவுதான். இப்போது காளான் உள்ளங்கை அகலத்துக்கு விசிறி விசிறியாக நிற்கிறது. “உப்பிடிச் செய்ய ஆர் சொல்லித் தந்தது?” என்று மிஸ் கேட்டது. “எங்க மாமியா.” “அவா எங்க இப்ப?” என்றது. அவர்கள் கண்ணை மூடி வருஷம் எத்தனையோ ஆகிவிட்டது, ஆனாலும் “மலைக்குப் போயிருக்காங்க மிஸ்” என்றேன்.

ஆகவே காம்பரா பிழைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐயா வந்து தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி. திருவிழாவுக்கு வாருங்கள், காளானுக்கு நடுவில் பாய் விரித்துத் தருகிறேன், காளான் பிரட்டலும் ரொட்டியும் தருகிறேன். கதவைச் சாத்தச் சொல்லி மட்டும் கத்தக் கூடாது. நிலக்ஷிக்கு என் அன்பு, உங்கள் தொப்பைக்கு என் வணக்கம். தோட்டத்து மாரியம்மா உங்கள் இருவரையும் நோய்நொடி இல்லாமல் காப்பாள்.

இப்படிக்கு,
மதினி ராசம்மா

பி.கு: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஐயா வந்துவிட்டார். காளானைப் பார்த்து, “தொழில் நல்லா நடக்குதுங்க” என்று சந்தோஷப்பட்டார். பிறகு குளிர்கிறது என்று கம்பளியை ஒதுக்கிவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினார். இத்தனை நாள் ஈரம் குடித்த பலகைக் கதவு உப்பிப்போயிருந்தது, இறுகிக்கொண்டது. ஐயா உள்ளே, நானும் உங்கள் அண்ணனும் வெளியே. மரவேலை பாஸ் வந்து பார்த்தார். நிலையை உடைத்தால்தான் கதவு வருமாம், நிலையை உடைத்தால் முன்சுவரும் கூட வருமாம். கடப்பாரை எடுத்துவரப் போயிருக்கிறார். ஏணி வைத்துப் புகை ஓட்டை வழியாகத் தேத்தண்ணி கொடுத்தேன், ஐயா வாங்கிக்கொண்டார். காம்பராவில் ஆள் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அவர் வந்தது. இருக்கிறது.